சிறு கூட்டத்தின் இசை

சங்கரன்கோவில் என்றதும் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன ஆடித்தபசும், சங்கரநாராயணர் கோவிலும், பூச்சந்தையுமே. இசையை நினைப்பவர் மிகச் சிலர். ஆயினும் இந்நகரை அடுத்த சென்னிகுளம் என்னும் சிற்றூரில் பிறந்த ஒருவர்தாம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், தமிழிசையில் துணிவான பரிசோதனை ஒன்றைச் செய்தார். அவர் காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார்.

காவடிச்சிந்தைப் பரிசோதனை என்று சொன்னால் இன்று சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். கச்சேரி முடியும் தறுவாயில் பாடப்பெறும் இனிய உருப்படியாக அது நமக்குப் பழகிவிட்டது. அது பிறந்த விதத்தை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். காவடி எடுத்துக் கோவிலுக்கு நடந்தே செல்வோர் வழிநடை வருத்தம் தோன்றாதிருக்கப் பாடிவந்த மெட்டுகள் அவை. அந்தக் கால்நடையின் மீது, புலவர்க்குரிய மோனையையும் இயைபையும் சந்தச் செறிவையும் ஏற்றினார் ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், கழுகுமலை முருகனைப் பாடிய பாடல்கள் அவை. தெருப்புழுதியில் கிடந்த தாளமும் ஏட்டில் இருந்த சொல்லும் ஒன்றையொன்று சந்தித்தன. அந்தச் சந்திப்பை நிகழ்த்தியவர் முப்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். ஆனால் அந்த மெட்டு மறையவில்லை. எட்டயபுரத்துப் பாரதியார் அதனைத் தம் பாடல்களில் எடுத்தாண்டார்.

இப்பழங்கதையை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஐவர், பறையும் கித்தாரும் சேர்த்துத் தாங்களே அமைத்த பாடல்களைக் கோவிலில் பாட விரும்பி என்னிடம் வந்தனர். பாடகர் குழுவின் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது. நான் மறுத்துவிட்டேன். மறுப்புக்கு மூன்று காரணங்கள் சொன்னேன். பறை திருவழிபாட்டின் மாண்புக்கு ஒவ்வாது என்பது ஒன்று. நீங்கள் பாடுவது இசையன்று, முழக்கம் என்பது இரண்டு. இத்தகைய முயற்சிகள் ஆறு மாதமும் நிலைப்பதில்லை என்பது மூன்று. அவர்கள் வாதாடவில்லை; தலையசைத்துவிட்டுப் போயினர். அந்த மூன்று காரணங்களும் எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவர்களுடைய ஒத்திகையை ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். ஊருக்குப் புறத்தே, வைக்கோல் அடுக்கிய கொட்டகை ஒன்று. இரவல் வாங்கிய ஒலிபெருக்கி. கேட்க வந்தோர் இருபது பேர் இருக்கலாம். அவருள் பாதிப்பேர் சிறுவர். பறையின் தோலைத் தீயில் காய்ச்சினால்தான் அது விறைத்து ஓசை தரும். காய்ச்சிய சூடு ஆறஆறத் தோல் தளர்ந்து சுருதியும் இறங்கும். கித்தாரின் சுருதியோ இறங்குவதில்லை. ஆகவே தொடக்கத்தில் இணைந்திருந்த இரண்டும் பாட்டின் இறுதியில் பிரிந்துவிடும். இதற்கு அவ்விளைஞர் கண்ட வழி எளிது. சூடு ஆறுவதற்குள் முடியும் அளவுக்கே ஒவ்வொரு பாட்டையும் அமைத்தனர். இரு பாட்டுக்கு இடையே பறைகள் தீக்குச் செல்லும். அந்த இடைவெளியில் கித்தார் மட்டும் தனித்து ஒலிக்கும். செயற்கைத் தோல் பூட்டிய பறைகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் காய்ச்ச வேண்டியதில்லை. அவ்வோசை மெலிந்து தகரம்போல் இருக்கிறதென்று அவர்கள் அதனை ஏற்கவில்லை. இசையின் வடிவத்தைத் தீயும் தோலும் தீர்மானிக்கின்றன என்பதை அன்று கண்டேன். கண்டும், அதன் பொருளை உணராமல் வீடு திரும்பினேன்.

முதற்காரணத்தை எடுத்துக்கொள்வோம். மாண்பு என்பது என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், திரு இசைக்கென ஓர் இயல் உண்டு. அது கிரகோரியன் இசைக்கு முதலிடம் தருகிறது. குழலிசைப் பேழையை உயர்வாகப் போற்றுகிறது. அதே இயல், தமக்கென இசைமரபு உடைய மக்களிடத்தில் அம்மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. பிற இசைக்கருவிகளைத் தகுந்த அதிகாரத்தின் இசைவோடு வழிபாட்டில் ஏற்கலாம் என்கிறது. அவை புனிதப் பயனுக்குப் பொருந்தியனவாகவோ, பொருந்துமாறு செய்யத்தக்கனவாகவோ இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. ஒரு கருவி பிறக்கும்போதே தூயதாகவோ தீட்டாகவோ பிறப்பதில்லை என்பது இதன் உட்பொருள் என்று கொள்வதில் தவறில்லை.

நம் கோவில்களில் கேள்வியின்றி அமர்ந்திருக்கும் ஆர்மோனியத்தைப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த கருவி அது. நம் நாட்டு இசையின் நுண்சுருதிக்கும் கமகத்துக்கும் அது ஒவ்வாது என்று கூறி, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை ஒலிபரப்பில் விலக்கியே வைத்திருந்தது. ஒரு நாட்டின் வானொலியே தகுதியற்றது என்று தள்ளிய கருவியை நாம் பீடத்தின் அருகே வைத்துப் பாடினோம். ஒருவரும் மாண்பு குறைந்ததாக வருந்தவில்லை. தபேலாவும் அவ்வாறே உள்ளே வந்தது. பறைக்கு மட்டும் ஏன் வாயிலில் தடை?

விடை நமக்குத் தெரியாததன்று. தடை ஓசைக்கு இடப்பட்டதன்று. ஓசை எழுப்பும் கைக்கு இடப்பட்டது. பழந்தமிழர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தனர். பறைதல் என்றால் சொல்லுதல், அறிவித்தல். செய்தியை அறிவித்த கருவி, பின்னாளில் சாவுக்கும் ஏவலுக்கும் உரியதாக்கப்பட்டு, அடிப்பவரின் சாதியோடு சேர்த்து ஒதுக்கப்பட்டது. நம் திருச்சபையும் இப்பழியிலிருந்து விலகி நிற்கவில்லை. வடக்கன்குளம் கோவிலில் சாதி வாரியாக மக்களைப் பிரித்து வைத்த தடுப்பு 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவரை இடிக்க ஒரு நாள் போதும். செவிக்குள் எழுப்பிய சுவரை இடிக்க எத்தனை தலைமுறை வேண்டுமோ! எங்கள் பங்கிலும் திருவிழாத் தேருக்கு முன்னால் பறை முழங்கும். தேர் கோவில் வாயிலை அடைந்ததும் அது நின்றுவிடும். அதனை இத்தனை ஆண்டுகள் வழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

மறுபுறமும் ஒரு நியாயம் உண்டு. அதனை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையன்று. பறையைக் கைவிடுவதே விடுதலை என்று முடிவு செய்த தலித் மக்கள் பலர். கட்டாயத்தின் பேரில் பிறர் வீட்டுச் சாவுக்குத் தந்தையும் பாட்டனும் அடித்த கருவியை மகன் தொட மறுத்தால், அம்மறுப்புக்கு நாம் தலைவணங்க வேண்டும். பண்பாட்டுமயமாதல் என்ற பெயரில், அந்த வலியை அறியாத நாம் அவர்களை நோக்கிப் ‘பறையை எடுங்கள்’ என்று கட்டளையிடுவதும் பழைய ஏவலின் புதிய வடிவமே ஆகும். விரும்பி எடுப்போர்க்கு வாயிலைத் திறப்பது மட்டுமே நம் கடமை. அவ்வாறு விரும்பி எடுத்தோரும் இருக்கின்றனர். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா முதலியோர் உருவாக்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், தலித் இளம்பெண்கள் பறை கற்று மேடையேறினர். ஆண்கள் மட்டுமே அடித்துவந்த கருவி அது. சாதி, பால் என்னும் இரு தடைகளை அவர்கள் ஒரே அடியில் மீறினர். அதற்கு வழி செய்தவர்கள் நம் துறவறச் சகோதரியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மதுரையை அடுத்த அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாட்டின் விருது கிடைத்த பிறகு அக்கருவியைக் கோவிலுக்குள் அழைப்பதில் பெரிய துணிவு ஒன்றும் இல்லை.

ஆகவே என் முதற்காரணம் நிற்கவில்லை. நானூறு கல் கடந்து இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், ‘தேம்பாவணி’ என்னும் பெருங்காப்பியம் பாடிய அதே கையால், பெண்கள் அம்மானைக்காய் வீசியாடிப் பாடும் எளிய வடிவத்தில் ‘கித்தேரியம்மாள் அம்மானை’யையும் பாடினார். மக்களின் விளையாட்டுப் பாட்டில் ஒரு மறைசாட்சியின் வரலாற்றை வைக்க அவர் கூசவில்லை.

இரண்டாம் காரணம் இத்துணை எளிதில் விழுவதன்று. ‘நீங்கள் பாடுவது இசையன்று, முழக்கம்’ என்றேன். இதற்கு, இத்தலைமுறையின் மிகப் பெயர்பெற்ற முயற்சியையே உரைகல்லாகக் கொள்வோம். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், தென்னிந்தியத் திருச்சபையின் பெயின்ஸ் பள்ளி மைதானத்தில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முதலாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அமைத்த குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பெயர் பெற்றது. வடசென்னையின் கானாப் பாடகரும், சொல்லிசைக் கலைஞரும், பறையும் சட்டியும் அடிப்போரும், மின்கித்தார் வாசிப்போரும் கோட்டு சூட்டு அணிந்து ஒரே மேடையில் நின்றனர். இட ஒதுக்கீட்டைப் பற்றியும், மாட்டிறைச்சியைப் பற்றியும், வடசென்னை வாழ்வைப் பற்றியும் பாடினர். ‘மகிழ்ச்சி’ என்னும் அவர்களது தொகுப்பு 2019இல் வெளிவந்தது.

அக்குழுவின் துணிவைப் போற்றாதவன் அல்லன் நான். சாவு வீட்டுத் திண்ணையில் பிறந்த கானாவை, அதன் எள்ளலும் கண்ணீரும் குறையாமல் பெருமேடைக்குக் கொணர்ந்தது அரிய செயல். ஆயினும் திறனாய்வு என்பது புகழ்மாலை அன்று. என் செவிக்கு, அவர்களுடைய பாடல்களில் இருவகை தென்படுகின்றன. ஒருவகையில் மேலைநாட்டு முரசுத் தொகுதியும் மின்கித்தாரும் நான்கு நான்காக அடிகளை எண்ணி, பாட்டைச் சட்டத்துக்குள் அடைத்துவிடுகின்றன. கானாப் பாடகர் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கியும், சட்டென்று முந்தியும், சொல்லை இழுத்தும் பாடுவதில்தான் அப்பாட்டின் உயிர் இருக்கிறது. சட்டத்துக்குள் அந்த உயிர் மூச்சுத் திணறுகிறது. அப்போது எஞ்சுவது சொல் மட்டுமே. சொல் எவ்வளவு நியாயமானதாயினும் அது முழக்கமாகவே எஞ்சுகிறது. மற்றொருவகையில் தோற்கருவிகள் முன்னே நடக்க, கித்தார் நிழல்போல் பின்தொடர்கிறது. அங்கே, இதற்குமுன் தமிழில் இல்லாத ஓர் ஓசை பிறக்கிறது. சென்னிகுளத்தில் நிகழ்ந்த சந்திப்பு, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் கீழ்ப்பாக்கத்தில் மறுபடியும் நிகழ்ந்ததாகக் கருதுகிறேன்.

இவ்வகைக்கு இன்னும் தெளிவான முன்னோடி ஒருவர் மதுரையில் வாழ்ந்தார். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசையும் இறையியலும் கற்பித்த அருள்திரு ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940-2005) அவர். ‘பறட்டை’ என்ற பெயரில் பாட்டுகள் அமைத்தார். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவராயினும் அவரை நாம் கற்பது நலம். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகள் மேல்தட்டினரின் சுவையையும் சேர்த்தே கோவிலுக்குள் கொணர்ந்தன என்பது அவர் கருத்து. அதற்கு மாற்றாக நாட்டுப்புற மெட்டில் ஒரு முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் சேர்ந்துண்பதையே நற்கருணையின் சமூகப் பொருளாக விளக்கினார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் ஒரு நூலே வெளியிட்டார்.

அப்பாவுவின் இசைக்கொள்கையில் நான் மிக வியப்பது ஒன்றுண்டு. பாட்டு முடிந்துபோன பண்டமன்று. பாடுகிற மக்கள் தம் ஊர்க்கும் தம் நிலைக்கும் ஏற்ப அதனை மாற்றிப் பாடலாம், மாற்றிப் பாடவும் வேண்டும் என்றார் அவர். விடுதலையைப் பற்றிப் பாடுவது எளிது. பாடுகிறவர்க்குப் பாட்டின் மேலேயே விடுதலை தருவது அரிது. அங்கே கருத்தைச் சொல்லும் வேலையைச் சொல்லிடமிருந்து வடிவம் ஏற்றுக்கொள்கிறது. முழக்கத்துக்கும் இசைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு என் பாடகர் குழுவை அளந்தேன், நாணினேன். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. திரைப்பாட்டின் சாயல் படிந்த மெட்டுகள். எந்த ஊரில் பாடினாலும் எழுத்துப் பிசகாத ஒலிநாடாப் பிரதிகள். மக்கள் மாற்றிப் பாடவா? மக்கள் பாடவே இடமின்றி, ஒலிபெருக்கியை எங்களுக்கென வைத்துக்கொண்டு நாங்களே பாடினோம். இதனை இசை என்று ஏற்ற நான், தோல் ஆறும் நேரத்தை எண்ணிப் பாட்டமைத்த ஐவரைப் பார்த்து முழக்கம் என்றேன். அவர்களுடைய சொற்கள் முதிராதவை என்பது உண்மை. ஈரடிக்கு ஒருமுறை ‘விடுதலை’ என்று வந்தது. அதனைச் சுட்டிக்காட்டித் திருத்தியிருக்கலாம். மூத்தவனுக்கு உரிய பணி அது. நான் செய்ததோ கதவை அடைத்ததுதான்.

மூன்றாம் காரணத்துக்கு வருவோம். சிறு முயற்சிகள் நிலைப்பதில்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் நிலைத்தல் என்றால் என்ன? இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். கிறித்தவர், சித்த மருத்துவர், தஞ்சையில் வாழ்ந்தவர். மருந்து விற்றுச் சேர்த்த தம் சொந்தப் பொருளைக் கொண்டு 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசைவாணரைத் தஞ்சைக்கு வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். அரசரின் மானியமோ சபையின் நன்கொடையோ அவருக்குப் பின்னே இல்லை. ஓர் எண்மத்தில் சுருதிகள் இருபத்திரண்டு என்னும் வழிவழிக் கொள்கையை மறுத்து, இருபத்துநான்கு என்று நிறுவ முயன்றார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டுக்குச் சென்று, தம் புதல்வியரைக் கொண்டு அதனை மெய்ப்பித்துக் காட்டவும் முற்பட்டார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். 1919இல் மறைந்தார்.

அவரது சுருதிக் கணக்கை இசைவாணர் பலர் ஏற்கவில்லை. அவர் காலத்தோடு அந்த மாநாடுகளும் ஓய்ந்தன. ஆறு மாதக் கணக்குப் பார்க்கும் என்போன்றோர், ‘தோல்வி’ என்று எழுதி மூடிவிடுவோம். ஆனால் சிலப்பதிகாரத்தில் புதைந்து கிடந்த பண்முறையைத் தோண்டி எடுத்து, தமிழனுக்கென ஓர் இசை இலக்கணம் இருந்தது என்று அவர் காட்டியது மறையவில்லை. பின்னாளில் எழுந்த தமிழிசை இயக்கம் அவரையே முன்னோடியாகக் கொண்டது. சங்கம் கலைந்தது, விதை முளைத்தது. மண்ணுக்குள் விழுந்து மடியும் மணியைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறோம். அதனை இசைக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை.

சிற்றிதழ்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. குறைந்த படிகளே அச்சாகிப் பின்னர் நின்றுபோன ‘மணிக்கொடி’யும் ‘எழுத்து’ம் இல்லையேல் இன்றைய தமிழ்ச் சிறுகதையும் புதுக்கவிதையும் இல்லை. சிறு இசைக்குழுவும் சிற்றிதழ் போன்றதே. கூட்டம் சிறிதாக இருப்பதால்தான் அங்கே தவறு செய்யும் உரிமை இருக்கிறது. தவறு செய்ய உரிமையில்லாத இடத்தில் புதியது ஒன்றும் பிறப்பதில்லை.

ஆனால் சிறு கூட்டம் பெருங்கூட்டமாகும்போது வேறொரு சோதனை வருகிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடிய அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளிவந்தது. நிலமற்ற உழைப்பாளரின் நினைவைச் சுமந்த அப்பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். அதே ஆண்டில், ஆங்கில இசை இதழ் ஒன்றின் அட்டைப்படத்தில், பாட்டை எழுதியவரின் முகம் இல்லையென்று பெரும் சர்ச்சை எழுந்தது. அப்பாட்டினால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் வெளிப்படையாகவே வருந்தினார். சுயாதீன இசை என்னும் பெயர் இருந்தால் மட்டும் சுயாதீனம் வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உழுதவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன் என்னும் பழைய கதை இங்கும் தொடர்கிறது.

ஆதரவு என்பதைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டியது இவ்விடத்தில்தான். ரெட்டியாருக்கு ஜமீன் இருந்தது. பண்டிதருக்கு மருந்துச்சாலை இருந்தது. அப்பாவுவுக்கு இறையியல் கல்லூரி இருந்தது. சென்னைக் குழுவுக்குத் திரைத்துறையாளர் ஒருவரின் அரவணைப்பு இருந்தது. எங்கள் ஊர் ஐவர்க்கு ஒரு வைக்கோல் கொட்டகைதான் இருந்தது. பங்கில் மண்டபம் உண்டு; ஒலிபெருக்கி உண்டு; மாலை வேளைகளில் பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. இளைஞர் இயக்கத்துக்கென ஒதுக்கிய தொகையும் உண்டு. ஆதரவு தர நம்மால் இயலாது என்று யாரும் சொல்ல முடியாது.

எனினும் ஆதரவு தருவோர் பாட்டைக் கேட்க வேண்டுமேயன்றிப் பாட்டை ஆளக்கூடாது. இசைவு தந்த மறுவாரமே, ‘அந்த வரியை எடுத்துவிடுங்கள், பேராயர் வருகைக்கு ஒத்திகை பாருங்கள், ஒரே நிறச் சட்டை தைத்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கிவிட்டால், பறை வெறும் வரவேற்பு மேளமாகிவிடும். திருவழிபாட்டுக்கு உரிய நெறிகள் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. திருப்பலியில் எப்பாட்டு, எவ்விடத்தில் என்பதை முடிவு செய்யப் பங்குத்தந்தைக்கு உரிமையும் பொறுப்பும் உள்ளன. ஆனால் திருப்பலிக்கு வெளியே, மண்டபத்தில், ஒரு மாலைப்பொழுதில், எவ்வித நிபந்தனையும் இன்றி அவர்கள் வாசிக்க நாம் அமர்ந்து கேட்கலாம் அல்லவா? கேட்ட பிறகல்லவா எது பீடத்தருகே வரத்தக்கது என்று தெரியும்? நான் கேளாமலே தீர்ப்பளித்தேன்.

அந்த ஐவரில் இருவர் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டனர். ஒருவர் சென்னையில் இருப்பதாகக் கேள்வி. கித்தார் வாசித்தவர் சங்கரன்கோவிலிலேயே விசைத்தறியில் வேலை செய்கிறார். வழியில் கண்டால் வணக்கம் சொல்வார். பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. ஐந்தாமவர், தோலின் சூட்டை விரலால் தொட்டே சுருதி சொல்லக்கூடியவர், இப்போது ஞாயிறு திருப்பலிக்கு வருவதில்லை. என் மறுப்புதான் காரணமென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

பாஸ்காத் திருவிழிப்பு இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, கோவிலுக்கு வெளியே புதுத்தீ மூட்டுகிறோம். குருவானவர் அத்தீயை மந்திரித்து, அதிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றி உள்ளே கொண்டு செல்கிறார். நாம் பின்தொடர்கிறோம். தீ வெளியிலேயே சற்று நேரம் எரிந்து அவிகிறது. கடந்த ஆண்டு அத்தீயின் அருகே நின்றபோது, பறையைக் காய்ச்சுவதற்கு இதுபோன்றதொரு தீதானே வேண்டும் என்று எண்ணினேன். உயிர்ப்பின் செய்தியை அறிவிக்கும் இரவில், அறிவித்தல் என்னும் பொருளையே பெயராகக் கொண்ட கருவி அத்தீயில் காய்ந்து, திரியின் பின்னே கோவிலுக்குள் வருமானால் வழிபாட்டின் மாண்பு குறையுமா, கூடுமா? வாசகர்களே முடிவு செய்யட்டும். என்னைப் பொறுத்தவரை, வரும் ஞாயிறு மாலை அந்த ஐந்தாமவரின் வீட்டுக்குச் செல்வதாக இருக்கிறேன். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு, அவர் இசைந்தால், பாட்டைக் கேட்க வேண்டும்.